ஓ குரூப் ரத்தமே ஓ குரூப்புக்குச் சேரவில்லை என்றால்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பாம்பன் பக்கம் கடல் தொழில் செய்யும் குடும்பம். என் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ராமநாதபுரத்தில் சேர்த்தோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்கு ஓ பாசிட்டிவ் என்றுதான் அட்டையில் இருக்கிறது. ஆனால் ரத்த வங்கியில் எந்த ஓ பாசிட்டிவ் பாட்டிலும் ஒத்துவரவில்லை. “பம்பாய் குரூப்பாக இருக்கலாம்” என்று சொல்லி, ரத்தம் ஏற்றாமல் மாத்திரை, ஊசி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியில் ஓர் ஆய்வகத்தில் கேட்டால், முழு ஜீன் டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா? நானும் அண்ணனும் ஓ பாசிட்டிவ்தான், நாங்கள் கொடுக்கலாமா? நான் இரண்டு தடவை கேம்பில் ரத்தம் கொடுத்திருக்கிறேன். எங்கள் அம்மாவை அவருடைய தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அதனால் வந்ததா? பிள்ளைக்கு ஏதும் வருமா? இன்னொன்று: கல்யாணமாகி ஆறு மாதமான என் மனைவிக்குக் கல்லூரி கேம்பில் பி பாசிட்டிவ் என்று கொடுத்தார்கள், இப்போது ஆஸ்பத்திரியில் பி நெகட்டிவ் என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, ஜீன் டெஸ்ட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தங்கையின் தாய்-சேய் அட்டை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: “பம்பாய் குரூப் என்று சந்தேகம். ஓ பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் இரண்டுமே ஏற்றக் கூடாது.” அதைப் படம் எடுத்து மாப்பிள்ளையின் போனிலும் உங்கள் அம்மாவின் போனிலும் வையுங்கள். ஓ நெகட்டிவ் என்பதை விட்டுவிடாதீர்கள். ரத்தப்போக்கு என்று ஓடிவரும் பெண்ணுக்கு குரூப் பார்க்க நேரமில்லாதபோது ஓ நெகட்டிவ் ஏற்றுவது எங்கும் உள்ள வழக்கம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அந்த ரத்தம், பம்பாய் குரூப்காரருக்கு உயிரையே எடுத்துவிடும்.

ரத்தம் ஏற்றாமல் அனுப்பியதில் உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. வருத்தப்படாதீர்கள். ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துவருமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் மேசையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர், அட்டையில் எழுதியிருந்ததை நம்பாமல் கண்ணால் கண்டதை நம்பியிருக்கிறார். உங்கள் தங்கை இன்று நலமாக இருப்பதற்கு அவர்தான் காரணம். அடுத்த முறை போகும்போது அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது அதிகம் கிடைப்பதில்லை.

சரி, நடந்தது என்ன? நம் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஹெச் என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி நிற்கிறது. ஏ குரூப்காரருக்கு அதன் நுனியில் இன்னொரு சர்க்கரை வந்து ஒட்டும். பி குரூப்புக்கு வேறொன்று ஒட்டும். ஓ குரூப்புக்கு எதுவும் ஒட்டாது, ஹெச் மட்டும் வெறுமனே நிற்கும். ஆகவே ஓ ரத்தத்தில்தான் ஹெச் மிக அதிகம். இந்த ஹெச்சே உருவாகாதவர்கள் சிலர் உண்டு. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் இவர்களை முதன்முதலில் கண்டறிந்து எழுதினார்கள், அதனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஹெச் இல்லாதவரின் உடம்புக்கு ஹெச் அந்நியம். அவர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடியோடு (அந்நியத்தைத் தாக்கும் புரதம்) ஹெச்சுக்கு எதிரானதும் இருக்கும், உடம்புச் சூட்டிலேயே அது வேலை செய்யும். ஓ ரத்தம் ஏறினால் அத்தனை செல்லையும் உடைக்கும்.

அட்டையில் இத்தனை வருடம் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது எப்படி என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்திலும் முகாமிலும் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். ஆன்டி-ஏ விட்டால் திரியவில்லை, ஆன்டி-பி விட்டாலும் திரியவில்லை, அப்படியென்றால் ஓ. ஹெச் இல்லாத செல்லும் இதில் ஓ போலவேதான் நடந்துகொள்ளும். குட்டு உடைவது அடுத்த பாதியில், அதாவது சீரம் குரூப்பிங்கில். உங்கள் தங்கையின் பிளாஸ்மாவை மூன்று குழாயில் எடுத்து, தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சாதாரண ஓ குரூப் ஆளுக்கு ஏ செல்லும் பி செல்லும் கட்டிகட்டும், ஓ செல் குழாயைத் தட்டினால் செந்நிறம் புகைபோல் சீராகக் கலையும். பம்பாய் குரூப்புக்கு அந்த ஓ செல் குழாயிலும் அடியில் உருண்ட சிவப்புக் கட்டி கலையாமல் அப்படியே நிற்கும். அவருடைய சொந்த செல்லோடு அவர் பிளாஸ்மாவைச் சேர்த்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. இது இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் பலமாகிவிடும்.

அதை உறுதிசெய்ய ஆன்டி-ஹெச் லெக்டின் என்று ஒரு திரவம் இருக்கிறது. யூலெக்ஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுப்பது. ஊட்டிப் பக்கம் புல்வெளியெல்லாம் மஞ்சள் பூவோடு பரவி, வனத்துறையினர் வெட்டிமாளாத அதே செடிதான். இந்தத் திரவம் ஹெச்சைப் பிடிக்கும். ஓ செல்லில் விட்டால் நொடியில் கட்டிகட்டும், பம்பாய் செல்லில் விட்டால் ஒன்றும் நடக்காது. கூடவே எச்சிலிலும் ஹெச் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் இல்லாமல் எச்சிலில் மட்டும் இருந்தால் அது பாரா-பம்பாய் என்ற பக்கத்து வகை.

இதுவரை சொன்னதில் எங்கேயாவது ஜீன் டெஸ்ட் வந்ததா? வரவில்லை. உங்கள் தங்கைக்கு எந்த ரத்தம் ஏற்றலாம் என்ற கேள்விக்கு இந்தச் சாதாரணக் குழாய்ச் சோதனைகளே பதில் சொல்லிவிடும். ஆகவே அந்த ஆய்வகத்தில் இப்போது பணம் கட்டாதீர்கள். “முழு ஜீன் டெஸ்ட்” என்று யாராவது சொன்னால், “எந்த ஜீனில், என்ன தேடப்போகிறீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சோதனைக்குக் கொடுப்பது வீண். ரத்த குரூப்பைப் பொறுத்தவரை என் உறுதியான கருத்து இதுதான். மேசைச் சோதனை ஒரு கேள்வியை எழுப்பிய பிறகுதான் மரபணுச் சோதனை. கேள்வி எதுவோ அதற்கு ஏற்றபடிதான் முறையும்.

உங்கள் தங்கைக்கு அப்படிப்பட்ட கேள்வி வரவே வராது என்று சொல்ல மாட்டேன். லெக்டின் சோதனை அரைகுறையாக வந்தாலோ, எச்சில் சோதனையோடு முரண்பட்டாலோ, குடும்பத்தில் யார் யார் இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினாலோ, அப்போது டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். அதுகூடச் சிறிய வேலைதான். ஹெச்சை உருவாக்கும் மரபணுவின் பெயர் எஃப்யூடி1. பத்தொன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் புரதத்துக்கான பகுதி ஏறக்குறைய 1,100 எழுத்து நீளம், அவ்வளவும் ஒரே துண்டாக இருக்கிறது. இந்திய பம்பாய் குரூப்காரர்களிடம் வழக்கமாகக் காணப்படுவது ஒரே ஒரு பிழை: 725-வது எழுத்தாக டி (T) இருக்க வேண்டிய இடத்தில் ஜி (G). அதோடு பக்கத்து மரபணுவான எஃப்யூடி2 முழுதாகவே காணாமல் போயிருக்கும். எச்சிலில் ஹெச் வராததற்கு அதுதான் காரணம். இந்த இரண்டையும் மட்டும் தேடிப் பிடிக்க, அந்தப் பிழைக்கென்றே செய்த பிரைமர்களை (சின்ன டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு, அந்த இடத்தை மட்டும் பல பிரதி எடுத்துப் பார்க்கும் ஒரு பிசிஆர் போட்டால் போதும். அதில் அகப்படாவிட்டால், எஃப்யூடி1 முழுவதையும் சாங்கர் முறையில் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். அதற்கு மேல் உங்கள் குடும்பத்துக்குத் தேவைப்படுவது அரிது.

மற்ற முறைகள் எல்லாம் வேறு கேள்விகளுக்கு. தலசீமியா பிள்ளைகளைப் போல மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறவர்களின் உடம்பில் பிறர் செல்லும் கலந்து ஓடும். குழாயில் எது யாருடைய செல் என்று பிரிக்க முடியாது. அவர்களுக்கு டிஎன்ஏ சிப் முறையில் கெல், டஃபி, கிட் என்று பல குரூப்புகளின் எழுத்து மாற்றங்களை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். ஏபிஓ, ஆர்ஹெச் இரண்டோடு முடிந்துவிடுவதில்லை, 45-க்கு மேற்பட்ட ரத்த குரூப் தொகுதிகள் இன்று அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. எந்த ரத்தமும் சேரவில்லை, எதற்கு எதிரான ஆன்டிபாடி என்றும் புரியவில்லை என்ற நிலை வந்தால்தான், ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேரப் படிக்கும் அடுத்த தலைமுறை சீக்வென்சிங். 1972-ல் ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தில் எழுந்த புதிருக்கு இப்படித் தேடித்தான் 2024-ல் விடை கிடைத்தது. எம்ஏஎல் என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. நம் பக்கத்திலேயே ஒன்று: கர்நாடகத்தின் கோலாரைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு இதய அறுவைக்கு முன் ஓ பாசிட்டிவ் எதுவும் சேரவில்லை. பெங்களூரில் குடும்பத்தார் ரத்தத்தையெல்லாம் பார்த்தும் பொருந்தவில்லை. மாதிரி இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போய், மாதக்கணக்கில் ஆராய்ந்து, குரோமர் என்ற ரத்த குரூப் தொகுதியில் அதுவரை யாரும் அறியாத ஒரு புதிய ஆன்டிஜென் (செல்லின் மேலுள்ள அடையாளம்) என்று 2025-ல் அறிவித்தார்கள். கிரிப் என்று பெயர். அந்தப் பெண்மணிக்குப் பிறர் ரத்தம் ஏற்றாமலே அறுவை முடிந்தது. உங்கள் தங்கையின் நிலை அப்படியில்லை. அவளுடைய வகை எழுபது ஆண்டுக்கு மேலாக நமக்குத் தெரிந்தது, அதே வகை ரத்தத்தோடு நம் நாட்டில் கொடையாளர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உறவு விஷயம். ஆமாம், தொடர்பு உண்டு. ஆனால் யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பம்பாய் குரூப் நம் நாட்டில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவர் என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஹெச் மரபணுவின் பழுதான ஒரு பிரதியைச் சத்தமில்லாமல் சுமப்பவர்கள் ஐம்பதில் ஒருவர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஏ, பி, ஓ என்று வழக்கமான குரூப்பாகவே இருப்பார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் சேரும்போதுதான் பம்பாய் குரூப். மாமனும் மருமகளும் ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்தவர்கள், ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்குப் போட்டால் மாமன்–மருமகள் கல்யாணத்தில் ஒரு பிள்ளைக்கு இது வர வாய்ப்பு ஏறக்குறைய 750-ல் ஒன்று, அத்தை மகன்–மாமன் மகள் கல்யாணத்தில் 1,400-ல் ஒன்று. அதாவது கூடுகிறது, ஆனாலும் அரிதுதான். கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் ஊருக்குள்ளுமே கொண்டான் கொடுத்தான் நடந்திருக்கிறது. ஆகவே நேரடிச் சொந்தமில்லாத தம்பதிக்கும் இது வரலாம்.

இந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் சுமப்பவர்கள் என்றால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஊர் முழுக்கத் தேடினாலும் 10,000-ல் ஒருவர் கிடைக்கும் ரத்தம், ஒரே வீட்டுக்குள் நாலில் ஒருவரிடம் இருக்கக்கூடும். நீங்கள் இருமுறை தானம் செய்திருக்கிறீர்கள். தானப் பை ஒவ்வொன்றையும் ரத்த வங்கியில் செல், சீரம் இரண்டு வழியிலும் பார்க்க வேண்டும். பம்பாயாக இருந்திருந்தால் அப்போதே தடுத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் பெரும்பாலும் சாதாரண ஓ-வாகத்தான் இருப்பீர்கள், உங்கள் ரத்தம் தங்கைக்கு ஆகாது. நீங்கள் கொடுத்ததால் யாருக்காவது கெடுதல் வந்திருக்குமோ என்ற பயம் வேண்டாம். அண்ணனையும், தங்கைக்கு வேறு அக்காள் தங்கைமார் இருந்தால் அவர்களையும், அம்மாவின் உடன்பிறந்தவர்களையும், சித்தப்பா பெரியப்பாமார்களையும் முழுமையான குரூப்பிங் செய்யச் சொல்லுங்கள். “ஓ செல் சேர்த்து சீரம் குரூப்பிங் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். படகில் போகிறவர்களை ஒரே நாளில் கூட்டுவது கஷ்டம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகில் போகிறவர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஆனால் தங்கைக்கு அதுவரை காத்திருக்க முடியாதென்றால், கிடைக்கிற ஆளை முதலில் கூட்டிப் போங்கள்.

யாராவது ஒருவர் பம்பாய் குரூப் என்று தெரிந்தால், இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். அவர் உற்சாகத்தில் உடனே போய் எங்கேயாவது ரத்தம் கொடுத்துவிடக் கூடாது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். எடுத்த ரத்தம் குளிரறையில் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். பிரசவத் தேதியை வைத்து, அதற்குச் சில வாரம் முன்பாக எடுக்கிற மாதிரி ரத்த வங்கி மருத்துவர்தான் நாள் குறிக்க வேண்டும். அடுத்தது பலருக்கும் தெரியாதது: கூடப்பிறந்தவர் ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. சொந்த ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் ஏற்றிக்கொண்டவர் உடம்பில் தங்கி, அந்த உடம்பையே தாக்கும் ஆபத்து இருக்கிறது. அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம். கதிர்வீச்சு கொடுத்து அந்த வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்துவிட்டு ஏற்றுவார்கள். அந்த வசதி பெரிய ஊர்களில்தான் இருக்கும், ஆகவே பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்தவும், கொடையாளர் தேடவும், தேவைப்பட்டால் டிஎன்ஏ பார்க்கவும், மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய நோய்த்தடுப்பு ரத்தவியல் நிறுவனம் இருக்கிறது. 1957-ல் ரத்த குரூப் ஆய்வு மையமாகத் தொடங்கியது. அரிய குரூப் கொடையாளர்களின் பதிவேட்டையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். நீங்களாக மாதிரியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டாம். உங்கள் ரத்த வங்கி மருத்துவரின் கடிதத்தோடு, அவர்கள் வழியாகப் போனால்தான் சரியாக நடக்கும்.

மதுரை வரைக்கும் மாதிரியை நீங்கள் கொண்டுபோக வேண்டி வந்தால், கைக்கு எட்டும் மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். உப்புக் கலந்த ஐஸில் குழாய் நேராகப் பட்டால் ரத்தம் உறைந்து, உருகும்போது சிவப்பணு அத்தனையும் உடைந்து, குழாய் முழுக்கக் கருஞ்சிவப்புத் தண்ணீராகிவிடும். அதில் குரூப்பிங் பார்க்கவே முடியாது. டிஎன்ஏ மட்டும் பெரும்பாலும் தப்பும். அது வெள்ளையணுவிலிருந்து எடுப்பது, சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாய் (ரத்தம் உறையாமல் காப்பது) இரண்டு, சிவப்பு மூடிக் குழாய் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தேதி, எடுத்த நேரம் எழுதி, பஞ்சு சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, கழுவிய தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்து, நடுவில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். குளிர்ச்சி படலாம், ஐஸ் தொடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவாவது ரத்தம் ஏற்ற நேர்ந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தங்கைக்கு இப்போது மிகப்பெரிய மருந்து இரும்புச்சத்துதான். ஐந்தாம் மாதம் என்பதால் நேரம் இருக்கிறது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாம். டீயோடு மாத்திரையை விழுங்கக் கூடாது, உறிஞ்சாது. ஹீமோகுளோபின் 11-க்கு மேல் வந்துவிட்டால், அவளுடைய ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்க முடியுமா என்று மகப்பேறு மருத்துவரும் ரத்த வங்கி மருத்துவரும் சேர்ந்து யோசிப்பார்கள். பிரசவத்தில் ரத்தம் ஏற்றவே தேவைப்படாத அளவுக்கு அவளைத் தேற்றுவதுதான் நம் முதல் வேலை. கொடையாளர் தேடுவது அதற்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு.

பிள்ளையைப் பற்றி: மாப்பிள்ளை சுமப்பவராக இல்லாவிட்டால் குழந்தைக்கு ஒரு பழுதுப் பிரதிதான் போகும், சாதாரண குரூப்பாகவே பிறக்கும். அவரும் சொந்தக்காரர் என்றால் அவருக்கும் மரபணுப் பார்ப்பதில் பொருள் உண்டு, இங்கேதான் அந்தச் சின்னப் பிசிஆர் உதவும். தாயின் ஆன்டிபாடியால் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வரலாம். கடுமையாவது அரிது. பிறந்த முதல் மூன்று நான்கு நாள் ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் பொருள்) அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தங்கை “ஓ”, மாப்பிள்ளையும் ஓ என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஏ-யாகவோ பி-யாகவோ பிறக்கலாம். ஹெச் இல்லாததால் தங்கையின் ஏ அல்லது பி மரபணு வெளியே தெரியாமல் இருக்கும், ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பிள்ளைக்கு ஹெச் இருப்பதால் அங்கே அது வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடப் பாடத்தை வைத்துக்கொண்டு “ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஏ எப்படிப் பிறக்கும்?” என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை நாசமாகிவிடும். மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டாரையும் உட்காரவைத்து, பிள்ளை பிறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் தம்பி என்ற முறையில் நீங்கள் இருவரும் சொல்வதைவிட, மருத்துவரை விட்டுச் சொல்லச் செய்வது நல்லது.

கடைசி வரியில் கேட்டிருந்த உங்கள் மனைவியின் விஷயத்துக்கு வருகிறேன். ஜீன் டெஸ்ட் உண்மையிலேயே பயன்படக்கூடியவர் உங்கள் வீட்டில் அவர்தான். இரண்டு இடத்திலுமே தவறு நடக்காமல் இருந்திருக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிப்பது செல்லின் மேலுள்ள டி (D) ஆன்டிஜென்; அவருக்கு அது இருந்தும் மிகக் குறைவாக இருக்கலாம். வீக் டி என்போம். தானம் கொடுக்கிறவர் ரத்தத்தில் டி நூலளவு இருந்தாலும் வாங்கிக்கொள்கிற நெகட்டிவ் ஆளுக்கு ஆபத்து, அதனால் முகாமில் எடுத்த பையை ஆழமாகப் பார்த்து பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். நோயாளியாக வரும்போது அவ்வளவு ஆழம் பார்ப்பதில்லை. நெகட்டிவ் என்று கொள்வதே அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவ். இரண்டும் சரியே.

கேள்வி என்னவென்றால், நீங்கள் பாசிட்டிவாக இருப்பதால் பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அவர் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்குமா? அது எந்த வகை வீக் டி என்பதைப் பொறுத்தது. 1, 2, 3 ஆகிய வகைகளுக்கு அந்த அபாயம் இல்லை, பாசிட்டிவாகவே நடத்தலாம் என்று 2015-ல் அமெரிக்க நிபுணர் குழு சொன்னது. அதை நம்பி வெளிநாட்டிலிருந்து வரும் ரெடிமேட் கிட்டுகள் இந்த வகைகளைத்தான் முதலில் தேடும். ஆனால் அவை ஐரோப்பியர்களிடம் அதிகம். மும்பை நிறுவனத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களிடம் பெரும்பான்மையாகக் கிடைத்தது வேறொரு வகை. டி-யை உருவாக்கும் ஆர்ஹெச்டி மரபணுவின் பத்து எக்ஸான்களில் (புரதத்துக்கான துண்டுகள்) மூன்றாவது எக்ஸான் இரண்டு முறை வந்திருக்கிறது. வகை 150 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டால், எழுத்துப்பிழை பார்க்கிறவருக்கு ஒன்றும் அகப்படாது, பக்கத்தை எண்ணுகிறவருக்குத்தான் அகப்படும். அதேபோல் சாங்கர் சீக்வென்சிங் செய்து “பிழை இல்லை” என்று அறிக்கை வரலாம். எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் முறையில் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஆர்ஹெச்சிஇ என்று ஏறக்குறைய ஒரே மாதிரியான இன்னொரு மரபணு வேறு இருக்கிறது. இரண்டும் துண்டு மாற்றிக் கலந்துபோன கேஸ்களுக்கு நீண்ட துண்டாகப் படிக்கும் சீக்வென்சிங்தான் தெளிவு தரும்.

ஆகவே ஆய்வகத்தில் கேட்க வேண்டியது இது: “இந்திய வகையான 150-ஐ உங்கள் முறை கண்டுபிடிக்குமா? எக்ஸான் எண்ணிக்கை பார்க்கிறீர்களா?” இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். முடிவு வரும் வரைக்கும், வந்த முடிவு 1, 2, 3 அல்லாத வகையாக இருந்தாலும், அவரை நெகட்டிவ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்டானதும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று மறைமுக கூம்ப்ஸ் டெஸ்ட், 28-வது வாரத்தில் அப்படி ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்று. கருக்கலைந்தாலும் இந்த ஊசியை விட்டுவிடக் கூடாது. தேவையில்லாமல் போட்டுவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை, தேவையானபோது விட்டுவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து.

தங்கையின் மாதிரி போகும்போதே மனைவியின் ஊதா மூடிக் குழாய் ஒன்றையும் அதே பெட்டியில் அனுப்பச் சொல்லி ரத்த வங்கி மருத்துவரைக் கேளுங்கள். பெயர் மாறிவிடாமல் இரண்டையும் தனித்தனிப் பையில் கட்டுங்கள். அடுத்த கடிதம் எழுதும்போது தங்கையின் சீரம் குரூப்பிங் தாளின் நகலையும் வையுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.